புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் கடைக்குப் போய், "ஏழு வயசுப் பிள்ளைக்கு அறிவியல் புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் பயிற்சி நூல்தான். கோடிட்ட இடத்தை நிரப்புக, சரியான விடைக்கு வட்டமிடுக. பள்ளிக்கு அது உதவும், சரி. ஆனால் பயிற்சி நூலை மூடிவிட்டு ஒரு பிள்ளை "ஏம்மா அப்படி?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. என் மகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்காரும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கும் சில வருடங்களாகப் புத்தகம் தேடித் தேடி வாசித்துக்காட்டியதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தப் புத்தகத்தை எடுப்பது? கண்ணை மூடிக்கொண்டு நடுப்பக்கம் ஒன்றைத் திறங்கள். அதில் இருப்பதை வீட்டைச் சுற்றி, தோட்டத்தில், சந்தையில் எங்காவது பிள்ளைக்குக் காட்ட முடியுமா என்று பாருங்கள். நான்கைந்து பக்கம் திறந்தும் ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் அது முதல் புத்தகமாக வேண்டாம், இரண்டு வருடம் கழித்து வாங்கலாம். பனி, இலையுதிர் காலம் என்று அழகான படம் போட்ட புத்தகங்கள் நிறைய வருகின்றன. அவற்றில் தப்பில்லை, ஆனால் மழையும் வெயிலும் மட்டும் பார்த்த பிள்ளைக்கு அது மாயாஜாலக் கதை மாதிரிதான் போய்ச் சேரும்.

அடுத்து, தவறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய புத்தகம் என்றால் புளூட்டோவைத் தேடுங்கள். ஒன்பது கோள் என்று இருந்தால் அது 2006க்கு முந்தைய கணக்கு. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை, பிள்ளையிடம் காரணத்தைச் சொன்னாலே அது ஒரு பாடம். நாக்குப் படம் போட்டு நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பிரித்திருந்தால் மட்டும் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். அது தவறு என்று தெரிந்து பல வருடமாகியும் இன்னும் அச்சாகிறது. பிள்ளையின் நாக்கின் ஓரத்தில் துளி சீனி வையுங்கள், இனிக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். அச்சில் வந்ததையும் சோதிக்கலாம் என்று ஒரு பிள்ளைக்கு ஆறு வயதில் தெரிந்துவிட்டால் அதுவே பெரிய விஷயம்.

இப்போது ஒரு பக்கத்தை எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன். மகரந்தச் சேர்க்கை என்றால் எல்லாப் புத்தகத்திலும் தேனீதான், ஒரு மஞ்சள் பூதான். அதை வாசித்துவிட்டு நாங்கள் செம்பனை, அதாவது பாமாயில் தரும் எண்ணெய்ப் பனை, காட்டுக்குள் போனோம் (பெரியவர் துணையில்லாமல் அனுப்பாதீர்கள், பாம்பு இருக்கும், மட்டையில் முள் இருக்கும், காலணி கட்டாயம்). உயரம் குறைந்த இளமரத்தில் ஆண் பூ விரிந்திருந்தால் கிட்டே போகும்போதே சோம்பு வாசம் அடிக்கும். விரல் விரலாக நீண்ட பூங்கதிர், அதன் மேலெல்லாம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கரும்பழுப்பு வண்டுகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். பூவை ஒரு தட்டு தட்டினால் உள்ளங்கையில் மஞ்சள் பொடியும் வண்டும் சேர்ந்து விழும். அந்தக் கூன்வண்டு இந்த ஊர்க்காரன் இல்லை. செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா, அங்கே கேமரூனிலிருந்து கொண்டுவந்து சோதித்து 1981இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்னால் பல தோட்டங்களில் ஆட்களே மகரந்தத்தை டால்க் மாவோடு கலந்து பூப்பூவாக ஊதிக்கொண்டு போனார்கள், அதிலும் பெண்கள் நிறைய. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அந்த வேலை செய்தவர் இருக்கக்கூடும், கேட்டுப்பாருங்கள். தேனீப் பக்கம் ஒன்று, வண்டு ஒன்று, ஊதிய கை ஒன்று. மூன்றும் சேர்ந்த பிறகு அந்தச் சொல்லைப் பிள்ளை மறப்பதே இல்லை.

கணிதப் புத்தகத்துக்கும் இதே வழிதான், கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வடிவங்கள் பற்றிய புத்தகத்தில் முக்கோணம், அறுகோணம் வந்ததும் செம்பனை நிரைக்குள் நின்று ஒரு மரத்தைச் சுற்றிப் பக்கத்து மரங்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு வரும். மரங்களைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுகிறார்கள், வழக்கமாக மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளி, அப்படி நட்டால் ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 143 மரம் கொள்ளும். சதுரமாக நட்டால் எத்தனை என்று பெரிய பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், 123தான் வரும், அதே நிலத்தில் இருபது மரம் குறைகிறது. அப்புறம் அடிமரத்தில் மட்டை வெட்டிய தழும்புகள் சுற்றிச் சுற்றி ஏறுவதைக் காட்டுங்கள். எட்டுச் சுருள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மேலே புதிதாக விரிந்த மட்டையை 1 என்று எண்ணினால், ஒரே சுருளில் 1ஆவது மட்டைக்குக் கீழே 9ஆவது, அதற்குக் கீழே 17ஆவது. உரம் போதுமா என்று பார்க்கத் தோட்டத்தில் 17ஆவது மட்டையைத்தான் வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எட்டு எட்டாகக் கூட்டுவது எங்கள் பிள்ளைகளுக்கு அங்கேதான் பிடிபட்டது.

மொழி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குச் சுமை கூடுதல். தமிழ்ப்பள்ளியில் அறிவியல், கணிதம் தமிழிலோ, இருமொழித் திட்டம் இருந்தால் ஆங்கிலத்திலோ நடக்கும், நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு மலாயில், இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பெரும்பாலும் மலாய்தான். அதனால் எந்த மொழிப் புத்தகமானாலும் வாங்குங்கள், மலாயில் நல்ல படப்புத்தகங்கள் விலை குறைவாகவே கிடைக்கின்றன. ஆனால் வாசிக்கும்போது ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு மூன்று மொழிச் சொல்லையும் எழுதுங்கள். வெறுமனே எழுதாமல் சொல்லுக்குள்ளே பாருங்கள். பின்னம் என்றால் உடைந்தது, கோயிலில் பின்னமான சிலை என்கிறோமே, அதே சொல். மலாயில் பெச்சாஹான், பெச்சா என்றாலும் உடைதல். ஆங்கிலத்து ஃபிராக்‌ஷனுக்கும் லத்தீனில் உடைத்தல்தான் வேர். ரொட்டி சானாயை நான்காகப் பிய்த்து நடுவில் வைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள்.

புத்தகம் கிடைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக: பக்கத்துப் பொது நூலகத்தில் பிள்ளை பெயரில் உறுப்பினராகிவிடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே அறிவியல், கணிதக் கதைகள் இலவசமாக இருக்கின்றன, கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். சிங்கப்பூர், சென்னை போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் இரண்டு மூன்று புத்தகமாவது வரும்.

வரலாற்றுப் புத்தகத்தில் பிள்ளைகள் தடுமாறுவது ஆண்டுகளில்தான். 1511ம் 1957ம் அவர்களுக்கு ஒன்றுபோலத்தான், இரண்டுமே "ரொம்ப நாளைக்கு முன்னாடி". கடையில் ரசீது போடும் காகிதச் சுருள் ஒன்று வாங்குங்கள், இன்றிலிருந்து பின்னோக்கி ஒரு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வையுங்கள். பிள்ளையின் பிறந்த நாள் நாலைந்து விரல் தூரத்தில் வரும், மெர்டேக்கா, அதாவது 1957இல் வந்த சுதந்திரம், முக்கால் மீட்டருக்குள். 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது ஐந்து மீட்டர் தாண்டி, அதற்குள் நடுவீட்டைக் கடந்து அடுப்படிக்கு வந்துவிடுவோம். ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்த 1025, பத்து மீட்டர், பின்வாசல் தாண்டித் துணி காயும் கம்பியில் கட்டினோம். டைனோசர் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். 66 மில்லியன் வருடம் என்றால் 660 கிலோமீட்டர், சுருள் இங்கிருந்து ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் தாண்டிப் போக வேண்டும். அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சுருளில் ஒன்றரை மீட்டரில் 1877 இருக்கிறது. முந்தின வருடம் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளின் வழியில் வந்த கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள், ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. இங்கிருந்து பக்கம்தான், கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆனால் ரப்பர் பற்றிய சிறுவர் நூல்களில் விக்கம் வருவார், மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த ரிட்லி வருவார், உளி பிடித்துப் பால் வெட்டியவர் யார் என்பது அரை வரியில் முடிந்துவிடும். அந்தப் பக்கத்தை வீட்டுப் பெரியவர் முன்னால் வைத்து வாசியுங்கள். என் மகள் அப்படி வாசித்தபோது, "இருட்டிலேயே ஏன் பாட்டி பெரட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டாள் (பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் எண்ணும் கூட்டம்). "வெயில் ஏறிட்டா மரம் பாலை உள்ளே இழுத்துக்கும்மா" என்றார் பாட்டி. விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், வெயிலில் இலை நீரை ஆவியாக விடும்போது அது குறையும், பால் ஓட்டமும் குறையும், தாவரவியல் சொல்வதும் அதைத்தான். பாட்டி சொன்னதை அவள் அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள். நூலகப் புத்தகமாக இருந்தால் எழுதாதீர்கள், சிறு தாளில் எழுதி உள்ளே சொருகிக் கொடுங்கள்.