வீட்டு இணையம் மந்தமா? முதலில் கேபிளைச் செருகிப் பாருங்கள்

பிளானை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளால் ரவுட்டரோடு நேராக இணைத்து ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். 100 மெகாபிட் பிளானில் 90க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வைஃபையில்தான். (டவுன்லோடு நொடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் பதற வேண்டாம். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.)

200 மெகாபிட் பிளான் போட்டும் 95லேயே முட்டி நிற்கிறதா? கேபிள் முனையைப் பாருங்கள். உள்ளே 8 கம்பிகள். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். புது கேட் 5இ (Cat 5e) வகை லேன் கேபிளே போதும். அதையும் மாற்றியாயிற்று என்றால், ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம்.

வேளச்சேரி அடுக்ககம் ஒன்றில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்களாக வரிசை கட்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அத்தனை நெரிசல். டிவியையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 2.4ல் இருந்தே ஆக வேண்டியவற்றுக்கு ரவுட்டர் செட்டிங்ஸில் 1, 6, 11 சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 வேகமானதுதான், ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் சோர்ந்துவிடும். எனவே ரவுட்டர் இரும்பு பீரோ பக்கத்திலோ டிவி ஸ்டாண்டுக்குள்ளோ வேண்டாம். ஹாலில், ஆள் உயரத்தில்.

கேபிளிலும் வேகம் இல்லையென்றால், வீட்டுக்குள் இணையத்தைக் கொண்டுவரும் ஃபைபரை (ஒளியிழை) கவனியுங்கள். ஜன்னல் இடுக்கில் மடங்கி நசுங்கினால் ஒளி கசியும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) மைனஸ் 27 டிபிஎம்மை விடக் கீழே, அதாவது மைனஸ் 28, மைனஸ் 30 என்று இருந்தால், அந்த எண்ணையே சொல்லிப் புகார் கொடுங்கள்.