இரண்டு கேப்டன்களை மோதவிட்டு விண்வெளிக் கதை எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சேலத்தில் நாங்கள் நாலைந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு தட்டுவடை செட்டும் டீயுமாக உட்கார்ந்து, எழுதியதைப் படித்துக் காட்டுவோம். போன முறை நண்பர் ஒருவர் விண்கலக் கதை கொண்டுவந்தார். இரண்டு கப்பல், இரண்டு கேப்டன், எதிரே வேற்றுக் கூட்டம். ஒருவர் பேசிப் பார்க்கலாம் என்கிறார், இன்னொருவர் அடித்துவிடலாம் என்கிறார். நல்ல கதைதான், ஆனால் இந்த மாதிரிக் கதையில் எல்லோரும் (நானும்தான்) சறுக்குகிற இடங்களில் அவரும் வரிசையாகச் சறுக்கியிருந்தார்.

முதலில் போன் பேசுவது. வியாழன் கோளுக்குப் பக்கத்தில் நிற்கும் கேப்டன் பூமிக்கு வீடியோ கால் போட்டு 'சுடட்டுமா சார்?' என்கிறார், அடுத்த வரியில் பதில் வந்துவிடுகிறது. ரேடியோ அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். செவ்வாய்க்கே ஒரு வழிக்கு 3 முதல் 22 நிமிடம், வியாழனுக்கு அரை மணிக்கு மேல். கேட்டுவிட்டுக் கிளம்பினால் பதில் வருவதற்குள் ஏற்காடே ஏறிவிடலாம். இதை இடைஞ்சல் என்று மறைத்துவிடாதீர்கள். மேலிடத்தைக் கேட்டுக்கொள்ள முடிந்தால் கேப்டன்களுக்குள் தகராறு எதற்கு? அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே போன 1962 கியூபா நெருக்கடியில், சோவியத் நீர்மூழ்கி பி-59 மாஸ்கோ தொடர்பில்லாமல், உள்ளே வெக்கையும் வெளியே அமெரிக்கக் கப்பல்களின் எச்சரிக்கை வெடிகளுமாகச் சிக்கியது. அணுகுண்டு டார்பிடோவைத் தயார் செய்யச் சொல்லிக் கேப்டன் சவீத்ஸ்கி கொதித்தார், உடனிருந்த அதிகாரி வசீலி அர்கீபவ்தான் தணித்தார் என்று அதில் இருந்த ஒருவர் பிற்பாடு சொன்னார். அவசரத்துக்கு மேலே ஆள் இல்லாததால்தான் அந்த அறைக்குள் அவ்வளவு கனம்.

அடுத்ததுதான் பெரிய தவறு. சமாதானக் கேப்டனுக்கு எல்லா ஞானத்தையும் கொடுத்துவிட்டு, போர்க் கேப்டனுக்கு மீசையும் கோபமும் மட்டும் கொடுப்பது. மூன்றாம் பக்கத்திலேயே யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்குப் படிப்பது? இருவர் முன்னாலும் ஒரே திரை, ஒரே தகவல் இருக்கட்டும், அதிலிருந்து இருவரும் நியாயமாகவே வேறு வேறு முடிவுக்கு வரட்டும். பக்கத்துத் தருமபுரிதான் (1965 வரை நம்ம சேலம் மாவட்டம்) அந்தக் காலத் தகடூர். அதியமான் அங்கிருந்து ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். உன் ஆயுதங்கள் பீலி சூட்டி நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை பாடுவது புறநானூற்றில் இருக்கிறது. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும், உள்ளே மிரட்டல். தூது போகிறவர் சாதுவாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, அப்படி ஒரு தூதர் இருந்தும் தகடூருக்குப் போர் வரத்தான் செய்தது. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அதைப் பிடித்தான். ஆகவே உங்கள் சமாதானக் கேப்டன் ஒரு தடவையாவது தப்புக்கணக்குப் போடட்டும், போர்க் கேப்டன் சொன்னது ஒரு தடவையாவது பலிக்கட்டும்.

வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்காது, இது எல்லோருக்கும் தெரியும், விடுவோம். இருட்டில் பதுங்கி நின்று பாய்வதும் எளிதல்ல. காற்றில்லாத இடத்தில் கப்பலின் சூடு கதிர்வீச்சாகத்தான் வெளியேற வேண்டும், அது பின்னால் இருக்கும் குளிர்ந்த வானத்தில் பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, மனசு மாறியதும் கப்பல் டக்கென்று நின்றுவிடுவது. எஞ்சினை அணைத்தாலும் கப்பல் அதே வேகத்தில் போய்க்கொண்டேதான் இருக்கும். ஏற்காட்டிலிருந்து லோடு லாரி இறக்குகிறவர் 20 கொண்டை ஊசி வளைவிலும் முன்னாடியே கியரைக் குறைத்துக்கொள்வார், வளைவுக்கு வந்த பிறகு பிரேக்கைத் தேட மாட்டார். கேப்டனுக்கும் அதே கதிதான். பாதி தூரம் வேகம் கூட்டி வந்தவர் நடுவழியிலேயே கப்பலைத் திருப்பி, போகும் திசை நோக்கி எஞ்சினை எரித்தால்தான் எதிராளி முன்னால் போய் நிற்க முடியும். அதாவது பேசத்தான் வருகிறேன் என்பதை அந்தப் பக்கத்துப் பதில் தெரியும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். எதிராளிக்குத் தெரிவதோ தன்னை நோக்கி நீளும் நெருப்பு மட்டும்தான், அது பிரேக்கா ஆயுதமா என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

நண்பர் இப்போது அந்த நெருப்பிலிருந்துதான் கதையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்.