பெரிய பகு எண்ணோடு வேலை செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

எண்கோட்பாட்டில் கால் வைப்பவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பகு எண் 2⁶⁷ − 1. விரித்து எழுதினால் 147573952589676412927. ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்கள் இதில் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கூட்டல் பிழை, இலக்கம் விட்டுப்போவது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

எண்ணையே தொலைத்துவிட்டு ஆராய்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒரு மாணவி இந்த எண்ணின் காரணிகள், வகுத்திகளின் கூட்டுத்தொகை எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பல வார உழைப்பை ஓர் அறிக்கையாகக் கொண்டுவந்தார். முதல் பக்கத்திலேயே காரணிகள் 2, 3, 5 என்று தொடங்கின. இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் ஒற்றைப்படை எண்தானே வரும், இதில் 2 எங்கிருந்து வந்தது?

எண்ணை அவர் ஸ்பிரெட்ஷீட்டில் ஒட்டியிருந்தார். அது 15 இலக்கங்களை வைத்துக்கொண்டு மற்றதைப் பூஜ்யமாக்கிவிட்டது. அவர் ஆராய்ந்தது 147573952589676000000 என்ற வேறொரு எண்ணை. கணக்கு முழுவதும் சரி, எண்தான் தப்பு. அத்தனை வார வேலையும் வீண்.

ஒட்டுவதற்கு முன் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். கடைசி இலக்கத்தைக் கையாலேயே சரிபாருங்கள்: இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று சுழன்று முடியும். 67ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே 2⁶⁷ எட்டில் முடியும், நம் எண் ஏழில் முடிய வேண்டும்.

சரி, பைத்தான் நிரல்மொழியில் முழு எண் எவ்வளவு பெரிதானாலும் சிதையாது, அங்கே கவலையில்லை என்பீர்கள். ஆனால் ஒற்றைச் சாய்கோடு (/) போட்டு வகுத்தால் அங்கேயும் துல்லியம் 53 பிட்டுக்கு, அதாவது சுமார் 16 இலக்கங்களுக்கு, இறங்கிவிடும். நம் எண்ணை 193707721ஆல் வகுத்தால் 761838257287.0 என்று காட்டும், விடை சரிதான். எண்ணோடு 1000 கூட்டிவிட்டு வகுத்தாலும் அதே 761838257287.0தான்! வகுபடுகிறதா என்று தெரிய வேண்டுமானால் மீதியைத்தான் கேட்க வேண்டும்.

ஃபெர்மா சோதனையில் தேறியதும் பகா எண் என்று எழுதிவிடுவது

ஓர் எண் N பகா எண் என்றால், N ஆல் வகுபடாத ஓர் அடிமானத்தை N − 1 அடுக்குக்கு உயர்த்தி N ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும்; அது வருகிறதா என்று பார்ப்பதுதான் ஃபெர்மா சோதனை. N என்பது நம் எண் என்றால், N ஆல் வகுக்கும்போது 2⁶⁷ விடும் மீதி 1. N − 1 = 2⁶⁷ − 2, இது 67ஆல் வகுபடும். ஆகவே 2ஐ N − 1 அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1தான். பகு எண்ணாக இருந்தும் அடிமானம் 2க்கு இது சோதனையைத் தாண்டிவிடுகிறது. இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்து வரும் இந்த வகை எண்ணுக்கு லூகாஸ்–லேமர் சோதனையைப் போடுங்கள்: 4இல் தொடங்கி, வர்க்கித்து 2ஐக் கழித்து, N ஆல் மீதி காண்பதை 65 முறை செய்ய வேண்டும். முடிவில் பூஜ்யம் வரவில்லையென்றால் பகு எண்.

பகு எண் என்றால் காரணி தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பது

இரண்டும் வேறு வேறு. 1644இல் பிரெஞ்சுத் துறவியும் கணிதருமான மெர்சென் நம் எண்ணைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ் அது தவறு என்று நிறுவினார், ஆனால் காரணி எதையும் காட்டவில்லை. 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் கோல் காட்டியது 1903இல்தான். 3,15,653 இலக்கங்கள் கொண்ட F₂₀ என்ற ஃபெர்மா எண்ணும் (2ஐ 2²⁰ அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்டியது) பகு எண் என்று நிறுவப்பட்டதுதான், ஒரு காரணிகூடக் கிடைக்கவில்லை.

கிடைத்த காரணிகளைப் பெருக்கிப் பார்க்காமல் விடுவது

பெருக்கிப் பாருங்கள்.

எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது

இதன் பகாக் காரணி எதுவானாலும் 134k + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (k ஒரு முழு எண்). அதோடு 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும், அதனால் k மதிப்புகளில் பாதி கழிந்துவிடும். 193707721க்கு k = 1445580. அதாவது ஏறத்தாழ 7.2 லட்சம் எண்களைச் சோதித்தாலே அதை எட்டிவிடலாம், சாதாரண மடிக்கணினியே போதும்.