செட்டிநாட்டுக் காற்றுக்குத் தாங்கும் குடை: அளவு, கம்பி, தையல், சோதனை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குடையைப் புரட்டிப்போடும் காற்று இரண்டு வகை. ஆடியில் மேற்கேயிருந்து நாள் முழுக்க அடிக்கும் வறண்ட காற்று ஒன்று. அப்போது குடை பிடிப்பது வெயிலுக்கு. சித்திரை, வைகாசியில் சாயங்கால இடிமழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவது இன்னொன்று. இதுதான் மோசம், நின்ற இடத்திலேயே திசை மாறும். இங்கே வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பதால், மதிலை ஒட்டி நடக்கிறவரைக்கும் காற்று தெரியாது. சந்து முனையைத் தாண்டும்போது பக்கவாட்டில் ஒரே அடி, குடை புரண்டுவிடும்.

கீழே உள்ள அளவுகள் மணிக்கு 40 முதல் 60 கி.மீ. வரையிலான காற்றுக்கு. 2018 நவம்பரில் வந்த கஜா மாதிரிப் புயலுக்குத் தாங்கும் கைக்குடை என்று யாராவது விற்றால் நம்பவேண்டாம்.

காற்று எவ்வளவு தள்ளுகிறது

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் அழுத்தம் சுமார் 7 கிலோ. விரித்தால் 105 செ.மீ. விட்டம் வரும் குடைக்குப் பரப்பு 0.87 சதுர மீட்டர். இதோடு வடிவத்துக்கான எண்ணையும் பெருக்க வேண்டும். அரைக்கோளக் கிண்ணத்தின் முதுகுப்பக்கம் காற்று பட்டால் அந்த எண் 0.4, குழிந்த பக்கம் பட்டால் 1.4. குடை அரைக்கோளத்தைவிடத் தட்டை என்றாலும் கணக்குக்கு இது போதும். முதுகைக் காட்டினால் இரண்டரைக் கிலோ, வயிற்றைக் காட்டினால் ஒன்பது கிலோ. 60 கி.மீ. காற்றில் அந்த ஒன்பது இருபதாகிவிடும்.

குடை உடைவதெல்லாம் வயிற்றுப்பக்கம் காற்று புகும்போதுதான். ஆகவே முதல் வேலை உள்ளே புகுந்த காற்றுக்கு மேலே வழிவிடுவது. இரண்டாவது, கம்பி உடையாமல் வளைந்து திரும்பி வருவது. கம்பியை மட்டும் தடிமனாக்கிவிட்டுத் துணியை அப்படியே வைத்தால், புரளவேண்டிய குடை புரளாமல் தண்டோடு முறியும்.

விட்டத்தையும் கட்டுப்படுத்துங்கள். 105 செ.மீ. குடையை 120 ஆக்கினால் பரப்பு முப்பது சதவீதம் கூடிவிடும். ஒருவருக்கு 105 தாராளம். சந்தையில் காய்க்கடைக்கு மேலே நடும் 210 செ.மீ. குடைக்குப் பரப்பு இதைப்போல் நான்கு மடங்கு. 40 கி.மீ. காற்று அடியில் புகுந்தால் 35 கிலோ வரை தூக்கும். அடியில் ஒரு கல்லை வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பி

பழைய குடைகளில் இருப்பது மடித்த எஃகுத் தகட்டில் செய்த U வடிவக் கம்பி. 1852-இல் இங்கிலாந்தில் சாமுவேல் பாக்ஸ் கொண்டுவந்த முறை, இன்றும் மலிவுக் குடைகளில் ஓடுகிறது. எடை குறைவு, ஒரு பக்கத்துக்கு நல்ல பலம். எதிர்ப்பக்கம் வளைக்கும்போது U-வின் உதடுகள் நசுங்கி ஒரு மடிப்பு விழும். மடிப்பு விழுந்த கம்பியை இடுக்கியால் நிமிர்த்தலாம், ஆனால் அடுத்த காற்றில் அதே இடத்தில் மடங்கும்.

இதற்குப் பதில் 4 மி.மீ. கெட்டி ஃபைபர் கிளாஸ் கம்பி போடுங்கள். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 3 மி.மீ. கம்பியைவிட 4 மி.மீ. கம்பி மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. 105 செ.மீ. குடையில் 60 கி.மீ. காற்றுக்கு 3 மி.மீ. கம்பி உடையும், 4 மி.மீ. கம்பி எல்லை வரை வளைந்து திரும்பும். 5 மி.மீ. தேவையில்லை, துணியால் அதை வளைக்க முடியாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. செடிக்கு முட்டுக்கொடுக்க விற்கும் பச்சைக் கம்பிகளில் பல, பிளாஸ்டிக் பூசிய இரும்புக் குழாய்தான். வெட்டு முனையைப் பாருங்கள்: கெட்டியாக, நார் நாராகத் தெரிய வேண்டும். 40 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக மெதுவாக வளைத்து விட்டால் 'டக்'கென்று நேராக வேண்டும். வளைக்கும்போது நெறுநெறுவென்று சத்தம் கேட்டால் அந்தக் கம்பி வேண்டாம்.

நேரான தண்டுள்ள எட்டுக் கம்பிப் பழைய குடை ஒன்றை எடுத்து, தண்டு, உச்சிப் பூண் (கம்பிகளின் மேல்முனை கோத்திருக்கும் வளையம்), ரன்னர் (குடையை விரிக்கத் தண்டில் மேலே தள்ளும் குழல்), தாங்கு கம்பிகள் (ரன்னரிலிருந்து மேல்கம்பிக்குப் போகும் குட்டைக் கம்பிகள்) ஆகியவற்றை வைத்துக்கொண்டு மேல்கம்பிகளையும் துணியையும் மட்டும் மாற்றுவது எளிது. மூன்றாக மடியும் பைக்குடை இதற்கு ஆகாது. ஒவ்வொரு கம்பியிலும் மூட்டுகள் அதிகம், ஒவ்வொரு மூட்டும் ஒரு பலவீனம்.

கம்பியை 57 செ.மீ. நீளத்துக்கு எட்டாக வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, தண்ணீர் தெளித்து, நுண்பல் ஹாக்ஸா பிளேடால் அறுக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். வெட்டு முனையைப் பசையில் ஒருமுறை முக்கி எடுத்தால் நார் பிரியாது.

மூட்டு

ஃபைபர் கிளாஸ் கம்பியில் துளை போடாதீர்கள். 4 மி.மீ. கம்பியில் 1.5 மி.மீ. துளை போட்டால் நார்கள் அறுந்து நெடுக்காகப் பிளக்கும். எல்லா இணைப்பும் குழாய் மாட்டித்தான்.

மேல்முனைக்கு 4 மி.மீ. உள்விட்டமுள்ள பித்தளைக் குழாயில் இரண்டரை செ.மீ. துண்டு. அதில் ஒரு செ.மீ.யைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, 1.5 மி.மீ. துளை போட்டு, மிச்சத்தைக் கம்பியில் மாட்டி, அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் பசையால் ஒட்டுங்கள். தட்டையான பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மொத்த நீளம் 58 வரும். ஒட்டுவதற்கு முன் கம்பியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுக்காவிட்டால் பசை பிடிக்காது.

தாங்கு கம்பி வந்து சேரும் இடம், உச்சியிலிருந்து 24.5 செ.மீ. அங்கே 3 செ.மீ. பித்தளைக் குழாய். பழைய குடையில் தாங்கு கம்பியைப் பிடித்திருந்த கவ்வியை அந்தக் குழாயின் அடியில் ஈயப்பற்று வைக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பற்று வைப்பவரிடம் கொடுத்தால் எட்டையும் சீக்கிரம் முடித்துவிடுவார். குழாயைக் கம்பியில் ஏற்றும் முன்பே பற்று வைத்துவிடுங்கள், பின்னால் வைத்தால் சூட்டில் கம்பி கெடும்.

குடையிலேயே அதிக வளைவு விழுவது இந்த இடத்தில்தான். மூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 33 செ.மீ. கம்பியைக் காற்று நெம்புகோலாகப் பிடித்து மேலே இழுக்கிறது. நல்ல கம்பிகூட உடைவது குழாயின் வாய் முடியும் கோட்டில், ஏனென்றால் அந்தக் கூர் விளிம்பு கம்பியை அறுக்கிறது. வாயை அரத்தால் உருட்டிவிட்டு, சூடுபட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் உறையைக் குழாயின் இரு பக்கமும் ஒரு செ.மீ. தாண்டும்படி போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மேலே செய்த வேலையெல்லாம் வீண்.

பசை காய முழுதாக ஒரு நாள் விடுங்கள்.

எட்டுக் கம்பியையும் உச்சிப் பூணில் கோக்கும் வளையக் கம்பி சின்னச் சாமான்தான். அது அறுந்தால் குடையே கையோடு வந்துவிடும். கட்டுக்கம்பி துருப்பிடித்து அறும், ஒரு மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டு முனையை இரண்டு சுற்று முறுக்குங்கள். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. அந்த ஊர்க் குடை துருவால் போவது நியாயமில்லை!

ரன்னரையும் பாருங்கள். குடை புரளும்போது தாங்கு கம்பிகள் ரன்னரை உச்சிப்பக்கம் இழுக்கும். விரித்த நிலைக்கு மேலே அது நகராதபடி தண்டில் ஒரு தடை முளை இருக்க வேண்டும். இல்லையென்றால் பித்தளை வளையம் ஒன்றை அங்கே இறுக்கிவிடலாம். தண்டு பெரும்பாலும் முறிவது ஸ்பிரிங்குக்காக வெட்டிய துளையில். அந்தத் துளைக்குக் கீழே குழாய்க்குள் பசை தடவிய மரக்குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு இறக்குங்கள், ஸ்பிரிங் அசைய இடம் விட்டு.

துணி

பாலியஸ்டர்தான் வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும், தொய்ந்த துணி காற்றில் படபடத்தே தையலைப் பிரித்துவிடும். 58 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் போதும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் கல்லிடுக்குக் கோட்டையே நடுக்கோடாக வைத்துக் காகித மாதிரியை வரையலாம். முதலில் முழுத்துண்டு ஒன்று. உச்சியிலிருந்து நடுக்கோட்டில் 9.2 செ.மீ. இறங்கிய இடத்தில் மொத்த அகலம் 7.6, 18.5-இல் 15.1, 27.8-இல் 22.4, 37.2-இல் 29.2, 46.7-இல் 35.5, அடியில் 54.4-இல் 40.1. இந்தப் புள்ளிகளை வளைவாகச் சேருங்கள். நேர்கோடாகச் சேர்த்தால் குடை கூம்பாகிவிடும். இந்த அளவுக்கு விரிந்த குடையின் குழிவு 21 செ.மீ. வரும். கம்பி நேராக இருப்பது. அதை வளைத்துப் பிடிப்பது துணிதான். ஆகவே தையலுக்கு இரு பக்கமும் ஒரு செ.மீ. மட்டும் விடுங்கள். 'கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்' என்று டெய்லர் கூட்டிவிடுவார், அங்கே கறாராக இருங்கள். எட்டுத் துண்டையும் ஒரே இழைப்போக்கில் வெட்டாவிட்டால் குடை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

இப்போது மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கீழ்த்துணி: 18.5-இலிருந்து அடி வரை, எட்டுத் துண்டு. மேல்தொப்பி: உச்சியிலிருந்து 27.8 வரை, எட்டுத் துண்டு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று 9 செ.மீ. ஏறிக்கிடக்கும். இந்த ஏற்றம் 8-க்குக் கீழே போனால் சாரல் உள்ளே வரும். தொப்பியின் விளிம்பை ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒன்றரை செ.மீ. கூடுதலாக வளைத்து வெட்டுங்கள். அந்தத் தொய்வுதான் திறக்கும் வாய்.

தொப்பியைக் கீழ்த்துணியோடு கம்பி போகும் எட்டு இடத்தில் மட்டும் இணைத்து, நடுவே திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு வாயின் நடுவிலும் 4 செ.மீ. எலாஸ்டிக் துண்டு ஒன்று, தொப்பி அதற்குமேல் எழும்பாமல் பிடிக்க. எட்டு வாயும் முழுதாகத் திறந்தால் குடைப்பரப்பில் ஐந்து சதவீதம் காற்றுக்கு வழி. சுற்றிலும் அடித்துத் தைத்துவிட்டு 'இரட்டைத் துணி' என்று விற்கும் குடைகளும் உண்டு. அது வெறும் அலங்காரம்.

பதினோராம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 2.5 மி.மீ. நெருக்கித் தைத்தால் பலம் என்று எண்ணாதீர்கள், ஊசித்துளையே கிழிசலுக்குக் கோடு போட்டுவிடும். நூல் இழுப்பைச் சற்றுத் தளர்த்தி, துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். கீழ்மூலை எட்டிலும் நாடாவை மூன்று மடிப்பாக வைத்துத் தைத்து, கம்பி முனையில் மாட்டும் சின்ன மூடியை அதில் கட்டுங்கள். கீழ்த்துணியைக் கம்பியோடு மூட்டிலும், மூட்டுக்கும் முனைக்கும் நடுவிலும் நூலால் கட்டவேண்டும். தையல் மேல் உள்பக்கமாக மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஒழுகாது.

சோதனை

காற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. குடையை விரித்து, கைப்பிடியை ஊஞ்சல் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். எட்டுக் கம்பி முனையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்று கட்டுங்கள். 40 கி.மீ. காற்று வயிற்றுப்பக்கம் புகுந்தால் மூட்டில் விழும் வளைவு ஏறக்குறைய இதுதான். பத்து நிமிடம் கழித்துக் கழற்றினால் கம்பிகள் பழைய இடத்துக்கு வரவேண்டும், எந்தக் குழாயும் நழுவியிருக்கக் கூடாது. அடுத்து ஒரு லிட்டர் பாட்டில்: 60 கி.மீ.க்குச் சற்றே குறைவு. இதில் குடை புரண்டாலும் பரவாயில்லை. ரன்னரை இறக்கி மூடித் திரும்ப விரித்தால் சரியாக நிற்க வேண்டும், அதுதான் தேர்ச்சி. எதிரெதிரே அல்லாமல் ஒரே பக்கமாகப் பாட்டில் கட்டினால் குடை சாயும், சோதனை பொய்யாகும்.

ஒரு கம்பி மட்டும் அதிகமாகத் தொங்கினால் முதலில் அதன் துணிக்கட்டைப் பாருங்கள். நூல் தளர்ந்திருக்கும். எட்டும் ஒன்றுபோலத் தொங்கினால் துணி தளர்வு. தையலை ஒவ்வொன்றும் 2 மி.மீ. உள்ளே பிடிக்கவேண்டும்.

பிடிப்பதும் வைப்பதும்

முதுகைக் காற்றுக்குக் காட்டி, ஒரு கை கைப்பிடியிலும் மறு கை ரன்னருக்குக் கீழேயும் பிடியுங்கள். இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து எந்தக் குடையையும் விரிக்காதீர்கள்: வண்டி 40-இல் போக எதிர்க்காற்று 30 என்றால் குடைக்கு அது 70. இடி இடிக்கும்போது கண்மாய்க்கரையிலோ பொட்டலிலோ குடையோடு நிற்கக் கூடாது. கம்பி ஃபைபர் கிளாஸ் என்பதால் மின்னல் விட்டுவிடாது.

நனைந்த குடையை விரித்தே உலர்த்துங்கள், ஆனால் உச்சி வெயிலில் வேண்டாம். வெயிலில் கிடந்தால் ஃபைபர் கிளாஸ் மேல்பூச்சு போய் நார் வெளிவந்து கையில் குத்தும். அப்போது லேசாகத் தேய்த்து ஒரு கை பெயின்ட் அடித்தால் போதும். ஆடி பிறக்கும் முன் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை எட்டு எலாஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். முதலில் இற்றுப்போவது அதுதான். மாற்ற ஒரு முழம் எலாஸ்டிக் போதும்.