இலை மஞ்சளானதும் உரத்தைத் தேடாதீர்கள்

பூச்செடியில் நாலு இலை மஞ்சளானதும் உரப் பையைப் பிரிப்பதுதான் தொட்டிச் செடிக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும். அதை உறிஞ்ச வேண்டிய வேர்தான் தேங்கிய தண்ணீரில் காற்றில்லாமல் திணறிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் உரம் போட்டால் மிச்சமிருக்கும் வேரும் கருகிவிடும்.

வாட்டத்தைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றுவது அடுத்த தவறு. தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், கூடினாலும் தொங்கும். அழுகிய வேரால் நீரை எடுக்க முடியாது. அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேலே பொடியாகக் காய்ந்திருக்கும், உள்ளே சேறாக இருக்கும். அப்படி ஈரம் இருந்தும் நாள் முழுக்க வாடிக் கிடந்தால், தொட்டியைச் சாய்த்துச் செடியை மெதுவாக உருவி வேரைப் பார்த்துவிடுவது நல்லது. நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். அழுகிய வேரை லேசாக இழுத்தாலே மேல்தோல் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும், வாடையும் அடிக்கும். உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் தானே நிமிர்கிற செடியை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடலாம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதும் வேண்டாம். அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, அப்புறம் அந்த இரண்டு அங்குல மேல்மண் காயும்வரை விடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் தொட்டிக்கும் பொருந்தும். ஆனால் ஊற்றிய உடனே துளையில் வந்துவிட்டால் நனைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கலவை முழுக்கக் காய்ந்து சுருங்கியிருந்தால் தண்ணீர் தொட்டியின் ஓரமாகவே இறங்கி ஓடிவிடும். அந்தத் தொட்டியை அரை மணி நேரம் தண்ணீரில் வைத்து ஊறவிடுங்கள்.

சரி, தண்ணீரில் குறையில்லை என்றால், எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியிலை முழுதாக வெளிறினால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருக்கலாம். செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அதனால் கொழுந்துதான் முதலில் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். இதே கோலம் அடியிலையில் தெரிந்தால் மெக்னீசியம். பலர் இரண்டுக்கும் எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அதில் இருப்பது மெக்னீசியமும் கந்தகமும்தான், இரும்புக் குறையை அது தீர்க்காது. கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றி ஊற்றி மண் காரமாகியிருந்தால், இருக்கிற இரும்பையே வேரால் எடுக்க முடியாது. அதற்குக் காரமண்ணிலும் வேலை செய்யும் செலேட் இரும்புதான் (வேர் எடுக்கும்படி கரைந்தே இருக்கும் இரும்பு உரம்) வேண்டும். இலையில் பொடிப்பொடியாக வெளிர் புள்ளி இருந்தால் சத்துக்குறை என்று முடிவு செய்யாமல் திருப்பிப் பாருங்கள், அடியில் சிலந்திப்பேன் இருக்கலாம்.

இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் உரம் மிஞ்சியிருக்கலாம். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டுக் கழுவுங்கள். செடி கருகருவென்று தழைத்தும் மொட்டே வைக்காவிட்டால் தழைச்சத்தைக் குறைத்து, நல்ல வெயில் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முற்றிலும் மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாவது அரிது. புதுத் துளிர் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.