வாகைக்குளம் முதல் சென்னை வரை: வான்தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து வான்வழியே எவ்வளவு என்பதை ஒரு தாளும் பேனாவும் இருந்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

வாகைக்குளம் ஏறத்தாழ 8.72 பாகை வட அட்சரேகையிலும் 78.03 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 12.99, 80.17. வட தெற்கு வேறுபாடான 4.27-ஐ, ஒரு அட்சரேகைப் பாகைக்குரிய 111 கிலோமீட்டரால் பெருக்கினால் 474 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு வேறுபாடான 2.14-ஐ, நம் பகுதியில் ஒரு தீர்க்கரேகைப் பாகைக்குரிய 109-ஆல் பெருக்கினால் 233. இவ்விரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 528 கிலோமீட்டர் வரும். விமானத் துறையில் வழங்கும் கடல் மைல் வேண்டுமானால் 1.852-ஆல் வகுக்க, 285 கிடைக்கும். துபாய் போன்ற தொலைவுகளுக்கு இந்த முறை சரிவராது. பூமி உருண்டை என்பதால், பிள்ளைகளின் பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் கிடைக்கும் பாதையே மிகக் குறுகியது.

அடுத்தது நேரம். ஏடிஆர் 72 என்னும் விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஆகவே 528 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் போதும். ஆனால் டிக்கெட்டில் அச்சாகும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை உள்ளது என்பதால், ஓடுபாதைக்குச் செல்வதற்கும் விமானம் வானில் மேலேறிக் கீழிறங்குவதற்கும் இன்னும் 25 முதல் 30 நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலே வீசும் காற்றும் இதை மாற்றும். தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவின் உயர்வானில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசுவதால், ஒரே வழித்தடத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பயணத்தில் பலரும் தடுமாறுவது கடிகாரத்தில்தான். எங்கள் அக்கா மகன் துபாயில் காலை 10 மணிக்கு ஏறித் திருவனந்தபுரத்தில் மாலை 3.30-க்கு இறங்குகிறான் என்றால், வீட்டில் அம்மா விரல் விட்டு எண்ணி ஐந்தரை மணி நேரப் பயணம் என்பார்கள். துபாய் நேரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அதைக் கழித்தால் பயணம் நான்கு மணி நேரம். இங்கிருந்து போகும்போது அதே ஒன்றரையைக் கூட்ட வேண்டும்.

வானத்துக் கணக்கோடு நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. வாகைக்குளத்துக்குச் செல்லும் நேரம், இரண்டு மணி நேரம் முன்னதாகக் காத்திருப்பது, மீனம்பாக்கத்தில் பெட்டி எடுப்பது, அங்கிருந்து வீடு சேர்வது அனைத்தையும் கூட்டினால் ஒன்றரை மணி நேரப் பயணம் ஐந்து மணியைத் தாண்டிவிடும். 2023 செப்டம்பரில் தொடங்கிய நெல்லை வந்தே பாரத் ரயில் எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூரில் சேர்த்துவிடுகிறது. இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தபின் டிக்கெட் எடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து காலை 10 மணிக்கு வளைகுடா விமானம் என்றால், மூன்று மணி நேரம் முன்னதாகச் சேர வேண்டும். வள்ளியூர், நாகர்கோவில் வழியாகச் செல்லும் சாலையில் மார்த்தாண்டம் நெரிசலையும் சேர்த்து நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டு, பாளையங்கோட்டையிலிருந்து அதிகாலை 3 மணிக்கே வண்டியை எடுத்துவிட வேண்டும்.