ஒரு கிலோ தேயிலையின் காபன் கணக்கை ஸ்டோரில் இருந்து போடுவது எப்படி?

உலக வர்த்தகத்தையும் காபன் தடத்தையும் ஆராய வரும் பொருளியல் மாணவர்கள் பலர், எந்த நாட்டின் எந்தத் துறை எதனிடம் வாங்குகிறது என்று காட்டும் உலக உள்ளீடு–வெளியீட்டு அட்டவணைகளில் முதல் நாளே இறங்கிவிடுகிறார்கள். இலங்கையின் மலையகத்தில் இருப்பவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருக்கிறது. அங்கே உள்ள ஒரு வருடக் கணக்கை வைத்து, ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு என்று கையால் போட்டுப் பார்த்தால், பெரிய அட்டவணைகள் எங்கே சறுக்கும் என்பது தானாகத் தெரியும்.

முதலில் வருடத்தைத் தெரிவு செய்யுங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைபட்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் மணிக்கணக்கான மின்வெட்டும். இந்த இரண்டில் எதை அடிப்படையாக எடுத்தாலும் உரமும் டீசலும் வழக்கத்துக்கு மாறாகத்தான் தெரியும். வேறு மூன்று வருடங்களின் சராசரியை எடுப்பது நல்லது.

அடுத்தது வகுக்கும் எண். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து போகும். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் தராசில் ஏறும் என்பதால், ஈரத்துக்குக் கழித்த எடையையே எடுக்க வேண்டும். பல ஸ்டோர்கள் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்தையும் வாங்குகின்றன. மின்சாரத்தையும் விறகையும் ஸ்டோரின் மொத்த உற்பத்தியால் வகுக்கலாம். தோட்டத்து உரத்தைத் தோட்டத்துக் கொழுந்தில் வந்த தேயிலையால் மட்டுமே வகுக்க வேண்டும். இதைக் கலந்துவிட்டால், வெளிக் கொழுந்து நிறைய வாங்கும் ஸ்டோர் ஒன்றும் செய்யாமலேயே 'பசுமை' ஆகிவிடும்.

உரம்தான் பலர் குறைத்து மதிப்பிடும் இடம். எடுத்துக்காட்டாக, ஒரு ஹெக்டேருக்கு வருடத்துக்கு 240 கிலோ நைதரசன், விளைச்சல் 1,500 கிலோ தேயிலை என்று வைத்துக்கொள்வோம். ஐபிசிசி எனும் காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவின் பொதுக் குணகப்படி போட்ட நைதரசனில் 1 சதவீதம், அதாவது 2.4 கிலோ, நைதரசு ஒட்சைட்டாக மண்ணிலிருந்து வெளியேறும். அதை மூலக்கூற்று எடை விகிதமான 44/28ஆல் பெருக்கினால் வாயுவின் எடை 3.77 கிலோ. ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டில் இதன் வெப்பமாக்கும் திறன் காபனீரொட்சைட்டைப் போல 273 மடங்கு. ஆக 1,030 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 0.69 கிலோ. அந்த நைதரசன் முழுக்க யூரியா என்றால் (46 சதவீத நைதரசன்) 522 கிலோ யூரியா. ஒரு கிலோ யூரியா மண்ணில் சிதையும்போது வெளிவரும் 0.733 கிலோ காபனீரொட்சைட்டு வீதம், ஒரு கிலோ தேயிலைக்கு இன்னும் 0.26 கிலோ சேரும். உரத் தொழிற்சாலையில் வெளியானது இதில் இல்லை. அதைத் தனி வரியில் சேருங்கள்.

விறகுக் கணக்குப் புத்தகத்தில் இருப்பது அடுக்கின் கன அளவு. கட்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடமும் அதற்குள் அடங்கும். ஒரு அடுக்கையாவது நிறுத்துப் பாருங்கள். ஒரு துண்டை 105 பாகை செல்சியசில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, ஈரப்பதத்தைக் கண்டுபிடியுங்கள். புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே கூடுதல் விறகு எரியும். விறகின் காபனீரொட்சைட்டை மொத்தத்தில் சேர்க்காமல் தனியே காட்டுவது வழக்கம். ஆனால் வெட்டிய இடத்தில் மரம் திரும்ப நடப்படுகிறதா என்று கேட்காமல் அதைப் பூச்சியம் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

மின்பட்டியலில் பங்களாவும் உத்தியோகத்தர் விடுதியும் அதே மீற்றரில் ஓடுகின்றனவா என்று கேளுங்கள். நீர்மின் நீர்த்தேக்கங்களான காசல்ரீயும் மவுசாக்கலையும் கண்ணெதிரே நிறைந்து கிடந்தாலும் தோட்டத்துக்கு வருவது தேசிய வலையமைப்பின் மின்சாரம். நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரியும் அதில் உண்டு. மழை குறைந்த வருடத்தில் ஒரு யுனிட்டின் காபன் ஏறும். ஆகவே ஒரு யுனிட்டுக்கு எவ்வளவு காபன் என்று சொல்லும் மின்குணகத்தை அந்தந்த வருடத்துக்கே எடுங்கள். மின்பிறப்பாக்கியின் டீசல் வேறு: லீற்றருக்கு 2.68 கிலோ.

கடல் பயணம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. கொள்கலன் கப்பலில் ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக ஏறத்தாழ 10 முதல் 20 கிராம். கொழும்பிலிருந்து சூயஸ் வழியாக ரொட்டர்டாம் சுமார் 12,000 கிலோமீற்றர். 15 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோ தேயிலைக்கு 180 கிராம். 2023 இறுதியிலிருந்து பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போனதால் பாதையை விசாரித்து எழுதுங்கள். இப்போது குடிப்பவர் வீட்டுக் கேத்தலைப் பாருங்கள். கோப்பைக்கு 2 கிராம் என்றால் கிலோவுக்கு 500 கோப்பை. 250 மில்லிலீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிக்க வைக்க, சூடாக்கும்போது வீணாவதையும் சேர்த்து 0.027 யுனிட். மொத்தம் பதின்மூன்றரை யுனிட். யுனிட்டுக்கு 300 கிராம் என்றால் 4 கிலோ! எல்லையைத் துறைமுகத்தோடு நிறுத்தினீர்களா, கோப்பை வரை போனீர்களா என்று சொல்லாமல் தரும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

இனி வர்த்தகம். சுங்கக் குறியீட்டில் தேயிலை 0902. அதில் 090230 மூன்று கிலோவுக்கு மேற்படாத பொதிகளில் வரும் கறுப்புத் தேயிலை, 090240 மொத்தமாகப் போவது. மொத்தமாகப் போனதை வெளிநாட்டில் பொதி செய்தால், அட்டைக்கும் தேநீர்ப் பைக்கும் ஆன காபன் அந்த நாட்டுக் கணக்கில் விழும். பொதியிடலை இங்கே கொண்டுவந்தால் இலங்கையின் கணக்கு ஏறும், உலகின் மொத்தம் பெரிதாக மாறாமலேயே. உற்பத்தி செய்த நாட்டின் பேரில் எழுதுவதா, நுகர்ந்த நாட்டின் பேரில் எழுதுவதா என்ற வாதம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. சர்வதேசக் கப்பல் எரிபொருளோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்வதில்லை. கலப்புக்காக இறக்குமதியாகி மறுபடி ஏற்றுமதியாகும் தேயிலையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

உலக அட்டவணைகளுக்குப் போகும்போது இரண்டு பொறிகள். எக்சியோபேஸ் என்ற உலக அட்டவணையில் இலங்கைக்குத் தனி நிரல் இல்லை. ஆசியாவின் 'ஏனைய நாடுகள்' கூட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. இலங்கை தனியே இருக்கும் அட்டவணையிலும் வேளாண்மை முழுவதும் ஒரே துறையாக இருந்தால், வயல் நெல்லின் மெதேனும் மாட்டின் மெதேனும் சராசரி வழியாகத் தேயிலையின் தலையில் ஏறும். அதனால் தேயிலைக்கு ஸ்டோர் கணக்கை வையுங்கள். உரம், அட்டை, இயந்திரம் போன்ற உள்ளீடுகளுக்கு மட்டும் அட்டவணையைப் பயன்படுத்துங்கள். டொலருக்கு இவ்வளவு காபன் என்று எழுதுவதையும் தவிருங்கள். 2022இல் ரூபாய் சரிந்தபோது செடியில் எதுவும் மாறவில்லை, விலைகள்தான் மாறின. கிலோ கணக்கில் இருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காபன் வரி தேயிலைக்கு உண்டா என்று தோட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். தற்போது அது சீமெந்து, இரும்பும் உருக்கும், அலுமினியம், உரம், மின்சாரம், ஐதரசன் ஆகியவற்றுக்கே. எண்களைக் கையளிக்கும்போது வருடம், எல்லை, மின்குணகம், ஐபிசிசி மதிப்பீட்டின் பதிப்பு நான்கையும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஸ்டோரில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கருக்கும் ஒரு பிரதி போகட்டும், விறகு அளவில் பிழை இருந்தால் முதலில் பிடிப்பவர் அவர்தான்.